கிளுவை வேலிக்குள் விழுந்த அரிவாள்

சாலையோரக் கிளுவை முட்செடி வேலியடியில் கௌதாரி அடைகாத்தது. வெட்டினால் முட்டை போச்சு, வெட்டாவிட்டால் பஞ்சாயத்து வேலை போச்சு. வேலி வெட்ட வந்த பொன்னாத்தாளுக்கு அதுதான் சங்கடம்.

ஒன்றிய அதிகாரி ஜீப்பைவிட்டு இறங்காமலே, ‘வேலியில் உயிரினம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சாயங்காலத்துக்குள்ள மொத்தத்தையும் வெட்டிப் போட்ரோணும்!"

"ஆகட்டுங்க" என்றவள், அரிவாளை வேலிக்குள் நழுவவிட்டாள். "அட, விழுந்துருச்சுங்களே! உங்களுக்கு நீளக் கைங்க. எடுத்துக் குடுத்தா இப்பவே வெட்டிப்போடறனுங்க."

அதிகாரி முணுமுணுத்தபடி இறங்கிவந்து குனிந்தார். உள்ளே சருகு சலசலத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏம்மா, உள்ளே பாம்பு கீம்பு கெடந்தா?"

"கெடக்குமுங்களா? ஒண்ணுமில்லைன்னு இப்பத்தானுங்க எழுதினீங்க!"

ஜீப்பைப் பார்த்துக் கூடி நின்ற ஊரே சிரித்தது. அதிகாரி காகிதத்தைக் கிழித்துவிட்டு ஜீப்பேறினார்.

குஞ்சுகள் பொரித்து ஓடும்வரை வேலியை யாரும் தொடவில்லை. அரிவாளும் அதுவரைக்கும் உள்ளேயேதான் கிடந்தது. கெட்டிக்காரிதான் பொன்னாத்தாள்.