தெற்குச் சுவருக்கு வெளியே

எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார் ராயப்பருக்கு வயசு நாற்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சந்தியாகுவுக்கு அறுபத்திரண்டு. சிரிக்காதீங்க. மனைவி போன பிறகு மனுசன் தூக்கமில்லாமல் அலைந்து, கடைசியில் சாமியாரே கதி என்று வந்துவிட்டார். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார்.

கோயிலை ஒட்டின கல்லறைத் தோட்டம் இருநூறு வருசத்துப் பழசு. அதைப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கலாமா என்று பார்க்க ஆட்கள் வருவதாகக் கடிதம் வந்தது. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் வருகிறார்களாம். சந்தியாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து நாள் ஒற்றை ஆளாக உழைத்தார். கல்லறைகளைக் கழுவினார். தெற்குச் சுவருக்கு வெளியே மண்டிக் கிடந்த வேலிக்கருவையை வெட்டித் தரையைச் சமன் பண்ணினார். சுவரடியில் அப்பியிருந்த மெழுகையும் கரியையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். பளிச்சென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

திருநாள் அன்று சாயங்காலம் நாலு மணி. உள்ளே ஊரே கூடியிருக்க, எங்கள் ஊர்ச் சூசையம்மா மட்டும் ஒரு மெழுகுவத்தியோடு அந்தச் சுவருக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

“என்னம்மா தேடுறீங்க?” என்றார் சந்தியாகு.

“என் பிள்ளையை, அய்யா.”

அவருக்கு விளங்கவில்லை. வெளியூர்க்காரர், பாவம். ஞானஸ்நானம் கொடுக்குமுன்னே செத்துப்போகிற பச்சைப்பிள்ளைகளை அந்தக் காலத்தில் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண்ணில் புதைக்க விடமாட்டார்கள். தகப்பன் துணியில் சுற்றி எடுத்துப்போய் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டு வருவான். கல் கிடையாது, சிலுவை கிடையாது. அநியாயம்தான், யார் கேட்டது?

“நாப்பத்தொரு வருசமா இங்கனதான் கொளுத்துறேன். மெழுகு ஒழுகின தடம்தான் அடையாளம். அதைக் காணோமே அய்யா.”

சந்தியாகு தான் சுண்ணாம்பு அடித்த சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தாம்மா சுரண்டிட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

சந்தியாகு சாமியாரிடம் ஓடினார்.

“சாமி, ஒரு தாய்க்கிட்டயிருந்து பிள்ளையைப் பறிச்சிட்டேன். எந்த இடம்னு இனி எப்படிக் கண்டுபிடிக்க?”

சாமியார் நடந்ததை முழுக்கக் கேட்டார்.

“அந்தச் சுவர் எத்தனை அடி?”

“நூத்திப்பத்து.”

“அடிக்கு ஒண்ணு வச்சா எத்தனை மெழுகுவத்தி?”

“நூத்திப்பத்து, சாமி.”

“வாங்கிட்டு வாங்க.”

வாங்கி வந்தார். சாமியார் தீர்த்தச் செம்போடு முன்னே போய்ச் சுவரடி நெடுக மந்திரித்தார். சந்தியாகு பின்னாலேயே குனிந்து ஒவ்வொன்றாக நட்டுக் கொளுத்தினார். முட்டி வலி உயிர் போயிற்று. நிறுத்தவில்லை.

முப்பதாவதோ நாற்பதாவதோ கொளுத்தும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். தபால் ஆபீஸ் புஷ்பராணி.

“அய்யா, ஒண்ணு என் கையில குடுங்க. எனக்கும் இங்கன ஒண்ணு கிடக்கு.”

கூட வந்த மகள் திகைத்துப்போனாள். “எப்பம்மா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“உனக்கு முன்னால, கண்ணு.”

அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ரெண்டு பேர், அக்கா தங்கச்சி. கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு கிழவி. சந்தியாகுவுக்குக் குனிய வேலையே இல்லாமல் போயிற்று. வந்தவர்களே நட்டார்கள், கொளுத்தினார்கள். சிலர் வாய்விட்டு அழுதார்கள், இத்தனை வருசத்துக்கும் சேர்த்து.

சூசையம்மா முதல் மெழுகுவத்தியிலிருந்து கடைசிவரைக்கும் நடந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தரையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். சந்தியாகு பயந்து பயந்து கிட்டே போனார்.

“இடம் தெரிஞ்சுதாம்மா?”

“தெரியலை அய்யா. ஆனா எல்லாத்துக்கும் ஒரு எட்டு போயிட்டேன். ஏதோ ஒண்ணுல இருந்திருப்பான்ல? அம்மா வந்துட்டுப் போனது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சந்தியாகுதான் தேம்பித் தேம்பி அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமியாரிடம் வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“நாளைக்கு வர்றவங்க அனுப்பின படிவம், சாமி. எல்லாம் நிரப்பிட்டேன். ‘இத்தோட்டத்தைப் பாதுகாத்து வருபவர் பெயர்’னு ஒரு கேள்வி. காலையில என் பேரை எழுதியிருந்தேன். இப்பத்தான் அதைக் கோடு போட்டு அடிச்சேன். யார் பேரை எழுத?”

சாமியார் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். சுவரடியில் இருந்த பெண்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதுங்க. பத்தலைன்னா பின்பக்கமும் எழுதுங்க.”