உறவற்றவளுக்கு வந்த பல்லக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், ஓர் அரசருக்குக் குடிகளின் அடுப்படியை எண்ணிப் பார்க்கும் ஆசை பிறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் உண்கிறார்கள் என்று ஓலையில் எழுதித் தர வேண்டும். வீட்டுக்காரர் காப்பாற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் வரியில் ஒரு கலம் நெல் தள்ளுபடி. அவர் காலத்துக்குப் பின் ஓலையில் பெயர் உள்ளவர்களே அவ்வீட்டில் குடியிருக்கலாம். ஆணை நல்ல ஆணைதான். அதை நிறைவேற்றும் பொறுப்பு வரியமைச்சர் மழவராயரிடம் போனதுதான் கெடுதல்.

மழவராயருக்கு அரசவை விகடகவி அம்பலக்கூத்தனைப் பிடிக்காது. மழவராயர் மூன்று நாழிகை பேசினால் அரசர் கொட்டாவி விடுவார். கூத்தன் மூன்று சொல் பேசினால் சிரிப்பார்.

கூத்தன் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருந்து வந்தவள் அழகம்மை. அவளுடைய கணவன் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை. இறந்த செய்தி வராமல் மறுமணம் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே இருவரும் மணம் செய்யாமலே ஒரே உலையில் அரிசியிட்டு வாழ்ந்தனர். அவ்வாண்டு மாசியில் வந்த காய்ச்சலில் கூத்தன் பிழைத்ததே பெரிது. தள்ளுபடி கிடைக்கிறதோ இல்லையோ, தனக்குப் பின் அவள் தெருவில் நிற்கக் கூடாது என்று ஓலையில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தான்.

ஓலை திரும்பி வந்தது: மனைவி எனில் தாலி எங்கே? மறுபடியும் கொடுத்தான். மறுபடியும் வந்தது: மகள் எனில் வயது பொருந்தவில்லை. மூன்றாம் முறை காரணம்கூட இல்லை. அந்த ஓலையில் இருந்த பத்திகளே நான்குதான்: பெற்றோர், மனைவி, மக்கள், பசு.

"பேசாம பசுவுல எழுதிடட்டுமா?" என்று எழுத்தாணியை வீசினான் கூத்தன்.

"எழுதுவீரு. நாளைக்கே அந்த அமைச்சரு பால் கறக்கச் செம்போட வந்து நிப்பாரு, கூத்தரே," என்றாள் அழகம்மை.

நான்காம் முறை அவன் நேரே அமைச்சரிடம் போனான்.

"அமைச்சர் பெருமானே, இவள் எனக்கு யார் என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்."

"யாருமில்லை. உறவற்றவள். அப்படியே எழுதி முத்திரையும் இடுகிறேன்," என்ற மழவராயர் அப்படியே எழுதி முத்திரையும் இட்டார்.

கூத்தன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அந்நாட்டில் பழைய ஆணை ஒன்று நீக்கப்படாமலே கிடந்தது. கோட்டைக்குள் தமக்கு உறவல்லாத ஒருவர் வீட்டில் தங்கும் எவரும் அரசரின் விருந்தினர் ஆவார். அவர் தங்கும் ஒவ்வொரு நாளும் பல்லக்கு அனுப்பி அழைத்து, அரண்மனையில் பகல் உணவு அளிக்க வேண்டும். அமைச்சர் ஒருவர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துப் பயணம் விசாரிக்க வேண்டும். அவ்வாண்டு அந்த முறை மழவராயருடையது.

மறுநாள் கூத்தன் முத்திரையிட்ட ஓலையைக் காவலரிடம் காட்டினான். இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குப் பல்லக்குப் போயிற்று.

"பயணம்... சுகமாக அமைந்ததா?" என்றார் மழவராயர், பற்களுக்கிடையே.

"எங்க சுகம்? அந்தத் தெருமுனையில ரொம்பக் குலுங்கிடுச்சுங்க," என்றாள் அழகம்மை.

மறுநாளும் பல்லக்கு வந்தது.

"தங்கள் பக்கம் மழை உண்டா?"

"உங்க தலையில பெஞ்சதுதாங்க எங்க தலையிலயும்."

பதினோராம் நாள் அவள் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "இது நேத்து அரைச்ச சந்தனமாச்சே?" என்றாள். மழவராயர் கிண்ணத்தோடு அவைக்குள் ஓடினார்.

"அரசே! அவள் எப்படி விருந்தினர்? ஒன்பது ஆண்டுகளாக அவன் வீட்டில் இருக்கிறாள்! அவன் கொண்டுவரும் நெல்லைத்தான் உண்கிறாள்! அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவள் அவள். அவனை விட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை. இது ஊரறிந்த உண்மை!"

கூத்தன் எழுந்து வணங்கினான். "அரசே, அமைச்சர் பெருமான் இன்னும் சற்று மெதுவாகச் சொல்ல வேண்டும். ஓலை எழுதுபவர் இப்போதுதான் 'கஞ்சி' என்ற சொல்வரை எழுதியிருக்கிறார்."

அரசர் அமைச்சரையும் சந்தனக் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரியணையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிரித்தார்.

"ஓலையில் ஐந்தாவது பத்தி ஒன்று வேண்டும். அதற்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது," என்றார். "'விட்டால் வேறு ஆள் இல்லாதவர்' என்று எழுதுங்கள். அதில் முதற்பெயர் அழகம்மை. வீடும் அவளுக்கு உறுதி. கூத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"நாளை முதல் அவள் வீட்டிலேயே உண்ண அனுமதி வேண்டும், அரசே. பதினொரு நாட்களாக என் சமையலை நானே உண்கிறேன்."

அரசர் மீண்டும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் அந்தப் பத்தியில் ஒரு பெயர் போதாது," என்று சொல்லி, அழகம்மையின் பெயருக்குக் கீழே அம்பலக்கூத்தனின் பெயரையும் எழுதச் செய்தார். இரண்டு கலம் நெல்லைத் தள்ளுபடி செய்தார். முத்திரையிட்டவர் மழவராயர்.