ஒட்டுப் போட்ட வால்

முன்னொரு காலத்தில் கருவேலநாடு என்று ஒரு சீமை இருந்தது. செண்பகமாறன் என்று ஒரு ராசா அதை ஆண்டு வந்தார். மனசுக்குப் பிடித்தால் யானையைக் கொடுப்பார், பிடிக்காவிட்டால் யானைக் காலில் போடுவார். நடுவில் நிற்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

அந்தச் சீமையில் மழை குறைச்சல். கிணறுதான் சோறு போட்டது. மாடு கட்டிக் கமலை இறைப்பார்கள். தோலில் தைத்த பெரிய வாளி மாதிரியான சால் தண்ணியோடு மேலே வந்ததும், கிணற்று விளிம்பில் ஒரு ஆள் நின்று அதை இழுத்துக் கவிழ்க்கணும். கால் வழுக்கினால் போனதுதான். தோல் தைக்கிற சடைச்சியின் புருசன் பூவலிங்கம் அப்படித்தான் போனான்.

கருமாதி முடிந்த மறுநாள் சடைச்சி ஊசியை எடுத்தாள். ஆறு மாசம் வெட்டினாள், தைத்தாள், பிரித்தாள். கடைசியில் சாலுக்கு அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வால் வைத்தாள். வால் நுனிக்குத் தனிக்கயிறு. சால் மேலே வந்ததும் வால் தானாகச் சாய்ந்து வாய்க்காலில் கொட்டிவிடும். விளிம்பில் ஆளே வேண்டாம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தைத்துக் கொடுத்தாள்.

சபையில் மழவராயர் என்று ஒருத்தர். அடுத்தவன் இலையில் அப்பளம் விழுந்தாலும் தன் இலையைத் தடவிப் பார்க்கிற ஆள். சடைச்சியின் சாலைப் பார்த்துவரத் தன் ஆட்களை அனுப்பி, அச்சாக அதேபோல் தைக்கச் சொல்லி, அரண்மனைக் கிணற்றில் இறைத்துக் காட்டினார்.

“அடியேன் மூளையில் உதித்தது, மகாராஜா!”

ராசா துள்ளிவிட்டார். “இனி வால்சால் தைக்கிற உரிமை மழவராயருக்கு மட்டும்! வெட்டுங்கள் செப்பேடு!”

செப்பேடு வெட்டுகிறவருக்கு நிலக்கொடை வெட்டித்தான் பழக்கம். கை தன் போக்கில், ‘சந்திர சூரியர் உள்ளவரை’ என்று வெட்டிவிட்டது. ராசாவும் முத்திரை வைத்துவிட்டார்.

அப்புறம் மழவராயரின் ஆட்கள் கத்தியோடு ஊர் ஊராகப் போனார்கள். கண்ட வாலையெல்லாம் அறுத்தார்கள். சடைச்சியின் வாலும் போச்சு. மழவராயர் சொன்ன விலை ஏழைக்கு எட்டாது. பழையபடி ஜனங்கள் விளிம்பில் நின்றார்கள். ரெண்டே மாசத்தில் மூணு பேர் விழுந்து செத்தார்கள்.

மூணாவது பிணத்தைத் தூக்கின அன்றைக்கு, அறுபட்ட வாலை மடியில் கட்டிக்கொண்டு சடைச்சி சபைக்கு வந்தாள்.

“ராசா, இது நான் தைச்சது.”

மழவராயர் சிரித்தார். “செருப்புத் தைக்கிறவளுக்குச் சால் தைக்கிற மூளையா?”

மந்திரி உடையநம்பி எழுந்தார். வாலைக் கையில் வாங்கித் தடவினார். அரண்மனைச் சாலையும் கொண்டுவரச் சொல்லித் தடவினார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்:

“ராயரே, அற்புதமான வேலை. வால் நடுவில் மூணு விரல் அகலத்துக்கு ஒரு ஒட்டு இருக்கிறதே, அது எதுக்கு?”

“அதுதான் ஐயா சூட்சுமம்! தண்ணி அந்த ஒட்டில் மோதித்தான் திரும்புகிறது. அதைக் கண்டுபிடிக்க மூணு வருசம் தூங்கவில்லை நான்.”

“நீ சொல்லு தாயி, ஒட்டு எதுக்கு?”

சடைச்சி தலை நிமிர்ந்தாள். “காயப்போட்டிருந்தேன் சாமி. நாய் கடிச்சிருச்சு.”

மந்திரி கத்தி வாங்கி ரெண்டு ஒட்டையும் பிரித்தார். சடைச்சியின் வாலில் நாலு பல் பதிந்த ஓட்டை. மழவராயரின் வாலில், ஒட்டுக்கு அடியில் தோல் முழுசாக இருந்தது.

“ராயரே, உங்கள் வீட்டு நாய்க்குப் பல் இல்லையோ?”

சபையே சிரித்தது. ராசா சிரிக்கவில்லை.

“யானையைக் கொண்டுவா!” என்று கத்தினார்.

“வேண்டாம் மகாராஜா,” என்றார் மந்திரி. “நாளைக்கு உச்சிப்பொழுது வரைக்கும் விளிம்பில் நின்று வாலில்லாச் சாலைக் கவிழ்க்கட்டும். போதும்.”

சடைச்சி மெதுவாகச் சொன்னாள்: “இடுப்புல கயிறு கட்டி நிறுத்துங்க சாமி. அவர் வீட்டுலயும் ஒருத்தி இருப்பா.”



“செப்பேடு இனி உனக்கு, தாயி! சந்திர சூரியர் உள்ளவரை!” என்றார் ராசா.

“அறுக்கிற கத்தியை அவர் கையிலேருந்து என் கைக்கு மாத்துறீங்க, ராசா. விழுறவன் விழுந்துக்கிட்டுத்தானே இருப்பான்?”

“அப்படியானால் யாருக்குமே உரிமை வேண்டாம், எல்லாரும் தைக்கட்டும்!”

மந்திரி தலையசைத்தார். “அதுவும் சரியில்லை. ஆறு மாசம் உழைத்தவளுக்கு ஒன்றுமில்லை என்றால், அடுத்ததைக் கண்டுபிடிக்கிறவன் அதை அடுக்குப்பானைக்குள் ஒளித்து வைப்பான். சந்திரனும் சூரியனும் நிலத்துக்குச் சரி. தோலுக்குத் தோலே கெடு. இவள் தைத்த சால் ஒன்று அரண்மனைக் கிணற்றில் தினமும் இறைக்கட்டும். அது கிழிகிறவரைக்கும் உரிமை இவளுக்கு. தைக்க விரும்புகிறவனுக்கு இவள் சந்தையில் வைத்துச் சொல்லித்தரணும். அவன் வருசத்துக்கு ஒரு பதம்போட்ட தோல் இவளுக்குத் தரணும். கிழிந்த பிறகு ஊருக்கே பொது.”

“கிழியக் கிழிய ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால்?” என்று கேட்டார் ராசா.

சடைச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஒட்டுப் போட்டா என்ன ஆகும்னுதான் இப்பப் பார்த்தோமே ராசா. போட மாட்டேன்.”

மறுநாள் உச்சிப்பொழுதில் மழவராயர் விளிம்பைவிட்டு இறங்கி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். சடைச்சியின் பக்கம் கைகூப்பிவிட்டுப் போனார்.

அஞ்சாம் வருசம் ஆடியில் அரண்மனைச் சால் கிழிந்தது. சேதி சொல்ல மந்திரியே போனார்.

“உன் உரிமை முடிந்தது தாயி. வருத்தமா?”

சடைச்சி வெளியே கையைக் காட்டினாள். கண்ணுக்கு எட்டின தூரம் கமலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

“பாருங்க சாமி. எந்தக் கிணத்து விளிம்பிலயும் ஆள் இல்ல.”