பழைய இலை கொடுத்தால் புதிய இலை

ஆனைக்கசம் என்ற குளத்தைச் சுற்றியிருந்த காட்டில் ஒரு கோடையில் இருமல் காய்ச்சல் வந்தது. இன்று ஒருவர் இருமினால், பக்கத்தில் இருந்தவர் மூன்றாம் நாள் இருமினார்.

அந்தக் காட்டுக்கு வைத்தியம் பார்த்தவள் மாடத்தி என்ற கீரி. வளை வளையாகப் போவாள். ஆடாதொடை இலையைக் கசக்கி, நோயாளியின் வாயைத் திறந்து சாறு ஊற்றுவாள். சாறு கசக்கும். கசந்ததும் நோயாளி அவள் முகத்தில்தான் இருமுவார்.

மாடத்திக்கு மூன்று குட்டிகள். புருஷன் பாம்புச் சண்டையில் போய்விட்டான். அவளை விட்டால் குட்டிகளுக்கு ஆள் இல்லை. தன் மேலிருந்து நோய் அவற்றுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று, இரையை வளை வாசலில் போட்டுவிட்டு முட்புதருக்குள் படுத்துக்கொள்வாள். குட்டிகள் உள்ளேயிருந்து கத்தும். இவள் வெளியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காட்டுத் தலைவரான சங்கிலி என்ற மிளா மானிடம் போனாள்.

"ஐயா, முகத்தில் கட்டிக்கொள்ளத் தேக்கிலை வேணும். ஒரு வளைக்கு ஒண்ணு."

கோடையில் தேக்கு மொட்டையாக நிற்கும். மழையில் பறித்த இலைகள் சுனைக் குகையில் ஈரம் காயாமல் கட்டுக்கட்டாக இருந்தன.

"நீ வைத்தியச்சி. உனக்கு எப்படிம்மா நோய் வரும்?" என்றார் மிளா.

"எனக்கும் மூக்குதானே ஐயா இருக்கு."

"இலையெல்லாம் சபைக்காரங்களுக்கு வேணும். அவங்க பொறுப்பில் இருக்கிறவங்க."

சபைக்காரர்கள் மலை உச்சியில் இருந்தார்கள். நோயாளி ஒருவரைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆறு இலை கட்டியிருந்தார்கள். மாடத்திக்கு ஒன்று கிடைத்தது. அதோடு அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தி, காட்டின் தெய்வம் என்று புகழ்ந்தார்கள். அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்த நாளை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

நான்கு நாளில் இலை கிழிந்தது. குகைக்குப் போனாள். காவல் இருந்தது முள்ளம்பன்றி.

"அண்ணாச்சி, வேற இலை கொடுங்க."

"பழைய இலை எங்கே? பழசைக் கொடுத்தால்தான் புதுசு. தலைவர் உத்தரவு."

"இது முப்பது பேர் இருமின இலை அண்ணாச்சி. இதைக் குளத்தடியில் புதைக்கணும்."

"புதைச்சிட்டு வந்து கிழிஞ்சுதுன்னு சொன்னால் நான் எதை நம்புறது? வை இங்கே."

மாடத்தி வைத்தாள். முள்ளம்பன்றி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கிழிசல் உண்மைதானா என்று மோந்தும் பார்த்தார். பிறகு புது இலைக்கட்டின் மேல் பத்திரமாக வைத்தார். நாலு நாளுக்கு ஒருமுறை இப்படியே நடந்தது.

முதலில் முள்ளம்பன்றி இருமினார். அப்புறம் அந்தக் கட்டிலிருந்து இலை வாங்கிக் கட்டிய சபைக்காரர்கள் வரிசையாக இருமினார்கள். அதே வாரம் மாடத்தியும் விழுந்தாள். நாலு நாளுக்கு ஓர் இலை அவளைக் காக்கவில்லை.

முட்புதருக்குள்ளிருந்து அவளால் தலை தூக்க முடியவில்லை. குட்டிகள் பசியில் கத்தின. அவள் குணமாக்கிய மரநாய் ஒன்று வாசலில் முட்டை கொண்டுவந்து போட்டது. சபையிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் மிளா தள்ளாடிக்கொண்டு வந்தார். புதருக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார்.

"எதுக்கு ஐயா வாயைத் திறக்கிறீங்க?"

"சாறு ஊத்தும்மா."

"எனக்கு எழுந்திருக்க முடியலை. ஆடாதொடை குளத்தங்கரையில் நிக்குது. நீங்களே கடிச்சுத் தின்னுங்க."

"கசக்குமே!"

"கசக்கும்."

தெய்வம் என்று புகழ்ந்ததை மிளா அவளுக்கு நினைவுபடுத்திப் பார்த்தார். மாடத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மிளா குளத்தைப் பார்த்து நடந்தார்.

அவள் ஒன்பதாம் நாள் எழுந்தாள். குட்டிகள் மூன்றும் இருந்தன. வைத்தியம் இல்லாத அந்த நாட்களில் காட்டில் பதினோரு பேர் போயிருந்தார்கள். முள்ளம்பன்றியும் அவர்களில் ஒருவர்.

நோயாளியின் வாயருகே நிற்பவருக்கு முதல் காப்பைக் கொடுக்காத ஊர், தன் வீட்டு வாசலைத் தானே நோய்க்குத் திறந்து வைக்கிறது.