அட்டையை மனப்பாடம் செய்த மான்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மருதமரத்தின் அடியில், விலங்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடந்துவந்தது. அங்கே எட்டாம் வகுப்பில் கொன்றை என்ற புள்ளிமான் படித்தாள். ஓட்டத்தில் அவளை வெல்ல ஆள் கிடையாது. தன் அழகைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சில மாதங்களாக அவளுக்கு ஒரு தொல்லை. புத்தகத்து எழுத்து பளிச்சென்று தெரியும். கரும்பலகை எழுத்தோ மழையில் நனைந்த கோலம்போல் கலைந்து தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும் துள்ளன் என்ற முயலின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டாள்.

ஒரு நாள் துள்ளன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அன்றைக்கென்று பார்த்து ஆமை வாத்தியார் பலகையில், "நாளை விடுமுறை" என்று எழுதிப் போட்டார். மறுநாள் பள்ளிக்கு வந்து நின்றது கொன்றை ஒருத்திதான்.

"விடுமுறையிலும் படிக்க வந்தாயா?" என்று வாத்தியார் மகிழ்ந்துபோனார்.

"ஆமாம், ஐயா" என்றாள் கொன்றை. வேறு என்ன சொல்வது? மாலைவரை உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

அடுத்த வாரம் நாரை வந்தாள். ஆண்டுக்கொரு முறை வந்து பிள்ளைகளின் கண்ணைச் சோதிப்பது அவள் வேலை. ஐந்து வரி எழுத்துகள் கொண்ட ஓர் அட்டையைத் தூரத்து மரத்தில் மாட்டுவாள். பிள்ளைகள் இங்கிருந்து படிக்க வேண்டும். படிக்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி தருவாள்.

கண்ணாடி என்றதும் கொன்றை பயந்தாள். அதைப் போட்டுக்கொண்டால் எல்லாரும் "சோடாபுட்டி" என்று கூப்பிடுவார்களே. அவள் துள்ளனைத் தனியே அழைத்தாள்.

"அட்டையில் என்ன இருக்கிறது, வரிசையாகச் சொல்லு. என் பங்கு நெல்லிக்காய் எல்லாம் உனக்குத்தான்."

போன ஆண்டும் இதே அட்டைதான் என்பதால் துள்ளன் நினைவிலிருந்தே சொன்னான். கொன்றை அன்று முழுக்க, "ப, ட, ம... ங, ய, ழ..." என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

"என்னடி, வயிற்று வலியா?" என்று கேட்டாள் தாய் மான்.

மறுநாள் சோதனையில் கொன்றை ஐந்து வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நாரைக்கு ஒரே வியப்பு.

"ஐந்தாம் வரியை எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் காட்டிலேயே நல்ல கண் உன்னுடையதுதான்."

அந்தச் சொல் மான் கூட்டத்தின் தலைவர் காதுவரை போனது. அவர் மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். "கொன்றை, புல்வெளி மேட்டில் இனி நீதான் காவல். நாங்கள் மேய்வோம், நீ பார்த்துக்கொள்."

முடியாது என்று சொன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும். கொன்றை தலையை ஆட்டினாள்.

மேட்டில் நின்று பார்த்தால் எல்லாமே பச்சையும் பழுப்புமாகக் கலந்து கிடந்தது. கூட்டம் நிம்மதியாக மேய்ந்தது. அவளுடைய குட்டித் தம்பி எல்லாரையும் தாண்டித் துள்ளித் துள்ளி வெளியின் ஓரத்துக்கே போய்விட்டான்.

அவனுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஏதோ இருந்தது. புற்றாக இருக்கும் என்று கொன்றை நினைத்தாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தாள். புற்று தம்பிக்கு இன்னும் கொஞ்சம் அருகில் இருந்தது.

கண்ணைச் சுருக்கினாள், ஒன்றும் பிடிபடவில்லை. கத்தினால் மானம் போகும். கத்தாவிட்டால்?

"எனக்குக் கண் தெரியவில்லை" என்று அவள் உரக்கக் கூவினாள். "தம்பி பக்கத்தில் இருப்பது என்னவென்று யாராவது பாருங்கள்."

மரத்தின் மேலிருந்த மந்தி எட்டிப் பார்த்தது. "சிறுத்தை, சிறுத்தை" என்று அலறியது.

கூட்டம் சிதறி ஓடியது. சிறுத்தை பாய்ந்தது. தம்பி விலுக்கென்று திரும்பினான். சிறுத்தையின் நகத்தில் அவன் வால் மயிர் நாலைந்து மட்டும் சிக்கியது. குறி தப்பியதும் அது புதருக்குள் போய்விட்டது. அவன் ஓடி வந்து அக்காவின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டான். கொன்றை அவனை நக்கிக்கொடுத்துக்கொண்டே அழுதாள்.

அன்று மாலை அவளே நாரையிடம் போனாள். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். நாரை அட்டையைத் தலைகீழாக மாட்டினாள். கொன்றைக்குப் பெரிய எழுத்துகள்கூடத் தெரியவில்லை.

"நாலு வருஷமாக ஒரே அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேனே, அது என் தவறு" என்றாள் நாரை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் கொன்றை பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. ஆமை வாத்தியார் பாதிப் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே நடத்துவதும் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

கடைசி வரிசையிலிருந்து பன்றிக்குட்டி, "சோடாபுட்டி" என்று கத்தினான்.

கொன்றை திரும்பிப் பார்த்தாள். "உன் மூக்கு நுனியில் சேறு ஒட்டியிருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது" என்றாள்.

வகுப்பே சிரித்தது. பன்றிக்குட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டான். பள்ளி விட்டதும் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்த நாரை இன்னும் ஊரில்தான் இருக்கிறாரா?"

"ஏன்?"

"பலகைக்குப் பக்கத்தில் நிற்பது வாத்தியாரா பாறையா என்று எனக்கு ரொம்ப நாளாகவே தெரியவில்லை."

நீதி: பார்வை மங்குவது குற்றமல்ல, மங்கியதை மறைப்பதே ஆபத்து.