திரும்பிப் பார்க்காத கௌதாரி

வெள்ளைப்பாறை மலையின் அடிவாரத்தில், ஒரு காரைப்புதரில், கௌதாரிக் குடும்பம் ஒன்று இருந்தது. அப்பாவின் பெயர் கருங்கழுத்தன். அம்மா பொறிச்சி. குஞ்சுகள் ஐந்து. கடைசிக் குஞ்சுக்குக் குண்டுமணி என்று பெயர் வைத்திருந்தார்கள். முட்டையை விட்டு வந்தபோது அவள் அந்த அளவுதான் இருந்தாள். பிறகும் பெரிதாக ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். எவ்வளவு மழை பெய்தாலும் மேலே ஒரு குட்டை தங்காது. தண்ணீர் பாறையில் இருக்கிற ஓட்டைகளில் இறங்கி, மலைக்குள்ளேயே எங்கெங்கோ ஓடி, அந்தப் பக்கம் சுனையாக வெளியே வரும். கோடை முடிகிற சமயத்தில் அடிவாரத்துப் பறவைகள் குஞ்சுகளோடு மலையைத் தாண்டி அந்தச் சுனைக்குப் போவது வழக்கம். பெரிய கௌதாரிகள் பறந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். குஞ்சுகள் இருக்கிற வீட்டில் எல்லோரும் நடந்துதான் ஆகவேண்டும்.

போன வருஷம் பக்கத்துப் புதர்க் கௌதாரி செம்மூக்கன், குஞ்சு குடும்பத்தோடு காலையில் கிளம்பி உச்சிவேளைக்கே சுனைக்குப் போய்விட்டான். அதை ஒரு வருஷமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாம உச்சிவேளைக்கு முன்னாடியே போறோம்" என்றான் கருங்கழுத்தன்.

"பாதி வழியில இச்சி மரம் இருக்குங்க. அங்க தங்கி, மறுநாள் காலையில இறங்கலாமே. குண்டுமணிக்குக் கால் சின்னது" என்றாள் பொறிச்சி.

"தங்குறதா? செம்மூக்கன் தங்கினானா?"

செம்மூக்கன் தங்கவில்லைதான். எனவே பேச்சு அத்தோடு முடிந்தது.

கௌதாரிகள் மலையில் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. முன்னே போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வப்போது "கத்தீத்தர்" என்று ஒரு குரல் கொடுப்பார். பின்னால் வருகிற ஒவ்வொன்றும் வரிசைப்படி "சிப்" என்று பதில் கொடுக்கவேண்டும். எல்லாப் பதிலும் வந்துவிட்டால் நடக்கலாம். கடைசியில் அம்மா வருவாள். கௌதாரிகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

கருங்கழுத்தன் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தான். "நீ பின்னாடி வராதே. முன்னாடி பறந்து போய்ப் பருந்து இருக்கான்னு பாரு. நேரம் மிச்சமாகும்" என்று பொறிச்சியிடம் சொன்னான்.

"அப்ப குண்டுமணிக்குப் பின்னாடி யாரு?"

"அவளுக்குப் பின்னாடி யாரும் இல்லேன்னா வேகமா நடப்பா."

இது நல்ல யோசனை என்று அவனுக்கு உண்மையாகவே தோன்றியது.

கிளம்பினார்கள். "கத்தீத்தர்" என்றான் கருங்கழுத்தன். "சிப், சிப், சிப், சிப்" என்று நான்கு பதில்கள் டக்டக்கென்று வந்தன. கொஞ்சம் பொறுத்து, மூச்சிரைப்போடு, மெல்லியதாக இன்னொரு "சிப்" வந்தது.

"குண்டுமணி! பதில் சொல்றதுலகூடத் தாமதமா? சத்தமாவும் இல்லை."

"சரிப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதுவும் தாமதமாகத்தான் வந்தது.

வெயில் ஏறியது. பாறையில் பட்ட வெளிச்சத்தில் கண் கூசியது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்கும் ஓர் இடுக்குக்குள் வழி நுழைந்தது. சுவர் முழுக்கக் குகை வாய்கள். தரை முழுக்கக் குழிகள். சில குழிகளைச் சருகு மூடியிருந்தது. இடுக்கின் நடுவே ஒரு பெரிய இச்சி மரம். தங்கலாம் என்று பொறிச்சி சொன்ன மரம் அதுதான். கருங்கழுத்தன் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்தான். நாலடி தள்ளிக் குரல் கொடுத்தான்.

"சிப், சிப், சிப், சிப்." சற்றுப் பொறுத்து, கணீரென்று, "சிப்."

கருங்கழுத்தனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு தடவை கண்டித்ததற்கே இவ்வளவு பலன். மறுபடி குரல் கொடுத்தான். மறுபடியும் ஐந்தாவது பதில் கணீரென்று வந்தது. துளிக்கூட மூச்சிரைப்பு இல்லை.

"சபாஷ்" என்றான் அவன்.

"சபாஷ்" என்றது இடுக்கு.

அதைக் கேட்டுக் கருங்கழுத்தன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். யார் சொன்னது என்று யோசிக்கவில்லை. சொல்லவேண்டிய விஷயத்தை யாரோ சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

இடுக்கைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தபோது உச்சிவேளை ஆகவில்லை. எதிர்ச்சரிவின் கீழே சுனை பளபளத்தது. மேற்கே மட்டும் கருமேகம் திரண்டிருந்தது. கருங்கழுத்தன் "கத்தீத்தர்" என்றான்.

"சிப், சிப், சிப், சிப்."

காத்திருந்தான். இன்னொரு முறை குரல் கொடுத்தான். நான்குதான் வந்தன.

மேலே பறந்துகொண்டிருந்த பொறிச்சி இறங்கி வந்தாள். "குண்டுமணி எங்கேங்க?"

"பின்னாடிதான் இருக்கா. இன்னிக்கு ரொம்ப நல்லா பதில் சொன்னா."

பொறிச்சி பின்னால் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கருங்கழுத்தனும் திரும்பிப் பார்த்தான். நான்கு குஞ்சுகள் வரிசையாக, முன்னால் பார்த்தபடி நின்றன. நான்காவதற்குப் பின்னால் வெறும் பாறை.

"நீ அவளைக் கடைசியா எப்ப பார்த்தே?" என்று நான்காவதைக் கேட்டாள் பொறிச்சி.

"பார்க்கலை. நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்களே" என்றது அது.

அப்போதுதான் கருங்கழுத்தனுக்குப் புரிந்தது. இடுக்குக்குள் கேட்ட ஐந்தாவது குரல் நான்காவது குஞ்சின் குரலேதான், பாறையில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. மகளை எங்கோ விட்டுவிட்டு, இவ்வளவு நேரமும் அவன் மலைக்குச் சபாஷ் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அதற்குள் மேற்கே இடி உருண்டது. மழை இறங்கினால் இடுக்கின் தண்ணீர் முழுக்கக் குழிகளுக்குள் பாயும். அவள் ஏதாவது ஒரு குழியில் இருந்தால், மழைக்கு முன்னால் வெளியே வந்தாகவேண்டும்.

நான்கு குஞ்சுகளையும் மேட்டில் ஒரு பாறைக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு இருவரும் இடுக்குக்குப் பறந்தார்கள்.

"குண்டுமணி!" என்று கத்தினான் கருங்கழுத்தன்.

"குண்டுமணி, மணி, மணி" என்று அத்தனை குகைகளும் கத்தின. எந்தக் குழி அவளுடையது என்று தெரியவில்லை. கூப்பிடக் கூப்பிட மலை பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"கத்தாதீங்க. பாருங்க" என்றாள் பொறிச்சி.

கருங்கழுத்தன் வாயை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தான். ஒவ்வொரு அடியிலும் குனிந்து பார்த்தான். இச்சி மரத்தடியில் சருகு கலைந்து கிடந்தது. நடுவில் ஒரு குழி வாய் திறந்திருந்தது. மரத்தின் வேர் ஒன்று அதற்குள் இறங்கியிருந்தது. குழியின் விளிம்பில் ஓர் உடும்பு படுத்திருந்தது.

"உள்ள என் பொண்ணு இருக்காளா?" என்று கேட்டான் கருங்கழுத்தன்.

"பொண்ணா பையனான்னு தெரியலைங்க" என்றது உடும்பு. "சின்னதா ஒண்ணு இருக்கு. ரொம்ப நேரமா அப்பா, அப்பான்னு கூப்பிட்டுச்சு. இப்ப களைச்சுப் போச்சு."

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வெயிலுக்குக் காத்திருக்கேன். உடம்பு சூடேறினாத்தான் எனக்குக் கால் ஓடும். மேகம் வந்து மறைச்சிருச்சு. கொஞ்சம் சூடு வந்ததும் உள்ள இறங்கிடுவேன். மழைத்தண்ணி வந்தா வீணாப் போயிடும் பாருங்க."

இதை அது எந்தப் பகையும் இல்லாமல் சொன்னது. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசுகிற மாதிரிதான் பேசியது.

கௌதாரிகளிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. எதிரி குஞ்சுகளை நெருங்கும்போது, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடந்து எதிரியைத் தன் பின்னால் வரச்செய்வது. அது பெட்டைகளின் வேலை, சேவல்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்பது கருங்கழுத்தனின் கருத்து. அந்தக் கருத்து இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடது சிறகைத் தரையில் தொங்கவிட்டான். வலது காலை நொண்டினான். "ஐயோ, சிறகு போச்சே" என்று முனகினான்.

உடும்பு தலையைத் தூக்கியது. குழிக்குள் இருப்பது சின்னது. இது பெரியது. சின்னது எங்கே போய்விடப் போகிறது? உடும்பு மெதுவாக எழுந்து கருங்கழுத்தனின் பின்னால் வந்தது.

அந்தக் கணமே பொறிச்சி குழிக்குள் இறங்கினாள்.

கருங்கழுத்தன் நொண்டினான். உடும்பின் உடம்பு குளிர்ந்திருந்தது. அதனால் மிகமிக மெதுவாகத்தான் வந்தது. இவன் வேகமாகப் போனால் அது சலித்துப்போய்க் குழிக்குத் திரும்பிவிடும். நின்றால் வாலைப் பிடித்துவிடும். ஓர் அடி வைத்துவிட்டு நின்றான். திரும்பிப் பார்த்தான். இன்னோர் அடி வைத்தான். மறுபடி திரும்பிப் பார்த்தான். மெதுவாக நடப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"ரொம்ப வலிக்குதா?" என்றது உடும்பு.

"ரொம்ப" என்றான் கருங்கழுத்தன். அது பொய் இல்லை.

குழிக்குள் குண்டுமணி வேரின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு அடி ஏறுவாள், மூச்சு வாங்குவாள். பொறிச்சி கீழே நின்று தலையால் முட்டுக்கொடுத்தாள். "வேகமா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மேலே முதல் மழைத்துளி பாறையில் பட்டுத் தெறித்தது. பிறகு பத்துத் துளிகள் விழுந்தன. இடுக்கின் ஓரமாக ஒரு மெல்லிய நீர்க்கோடு ஊர ஆரம்பித்தது.

கருங்கழுத்தன் அதைப் பார்த்தான். பின்னால் உடும்பின் நாக்கு அவன் வாலைத் தொட்டது. இனியும் பொறுக்க முடியாமல், உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, "கத்தீத்தர்" என்றான்.

உடனே ஒரு பதில் வந்தது. அது மலை. மலை எப்போதும் உடனே சொல்லும், கணீரென்று சொல்லும். கருங்கழுத்தன் அதை நம்பவில்லை. காத்திருந்தான்.

கொஞ்சம் தாமதமாக, மூச்சிரைப்போடு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு "சிப்" வந்தது. குழிக்குள்ளிருந்து இல்லை, வெளியே பாறைக்கு மேலிருந்து வந்தது.

அந்தத் தாமதத்தைக் கேட்டு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சிறகை விரித்து மேலே எழும்பினான்.

"சிறகு சரியாயிடுச்சா?" என்று கீழேயிருந்து கேட்டது உடும்பு.

"சரியாயிடுச்சுங்க" என்றான் கருங்கழுத்தன்.

உடும்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு குகைக்குள் போய் மழைக்கு ஒதுங்கியது. இச்சி மரத்தடிக் குழிக்குள் தண்ணீர் சலசலவென்று பாய்ந்தது.

ஒரு குகை வாயில் சொட்டிய தண்ணீரைக் குடிக்க நின்றதாகவும், பிறகு அப்பாவைப் பிடிப்பதற்காகச் சருகின் மேல் குறுக்கே ஓடியதாகவும் குண்டுமணி சொன்னாள். "நான் பதில் சொன்னேன்ப்பா. உங்களுக்குக் கேட்கலையா?"

"கேட்டிருக்கணும்" என்றான் கருங்கழுத்தன்.

மழை விட்டது. மேட்டுப் பாறைக்கு அடியிலேயே ஏழு பேரும் தங்கினார்கள். மறுநாள் குண்டுமணி முன்னே நடந்தாள். அவள் நின்றபோது எல்லோரும் நின்றார்கள். அவள் நிறைய தடவை நின்றாள். கருங்கழுத்தன் எல்லோருக்கும் பின்னால் வந்தான்.

சுனைக்கரையில் செம்மூக்கன் உட்கார்ந்திருந்தான். "இப்பத்தான் வர்றீங்களா? நாங்க நேத்தே உச்சிவேளைக்கு முன்னாடி வந்துட்டோம்."

"நாங்க அஞ்சு குஞ்சோட வந்திருக்கோம்" என்றான் கருங்கழுத்தன்.

செம்மூக்கன் முதல்முறையாகத் தன் பின்னால் திரும்பி, குஞ்சுகளை எண்ணத் தொடங்கினான்.

குழந்தைகளே, பெரியவர்களே, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர் கடைசியில் வருகிறவரைத் திரும்பிப் பார்த்து நடக்கவேண்டும், ஏனென்றால் தன் குரலின் எதிரொலியில் மயங்குகிறவருக்குப் பின்னால் யார் விழுந்தாலும் தெரியாது.