கொட்டாவி விட்ட மன்னரும் இரண்டு வைத்தியர்களும்

மனிதருக்குப் பல் முப்பத்திரண்டு என்று நூல்கள் சொல்கின்றன. அரசர்களுக்கும் அதே கணக்குதான் என்று இந்தக் கதைக்காக ஒப்புக்கொள்வோம்.

செம்பாறை நாட்டு மன்னர் இளவேங்கையாருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. கன்னம் பூசணிக்காயாக வீங்கியது. ஆனால் இடுக்கியைக் கண்டாலே அவர் வாயை இறுக மூடிக்கொள்வார். ‘என் வாயைத் திறக்கவைத்து இந்தப் பல்லைப் பிடுங்குகிறவருக்கே அரண்மனைப் பல் வைத்தியர் பதவி’ என்று முரசறைவித்தார்.

பூவராகன் என்ற வைத்தியர் புறப்பட்டார். கைராசிக்காரர், வாய்தான் சரியில்லை. தம்மைப் பற்றி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவார். அதனால் போன ஊர்களிலெல்லாம் பிழைப்பு கெட்டது.

“சபையில உங்களைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை பேசுங்க. இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் கடையில புளி நிறுக்கத்தான் போகணும்” என்றாள் மனைவி கோமளம்.

“உங்க அண்ணன் கடையிலயா?” பூவராகனுக்கு அப்போதே பல் கூசியது.

வைத்தியம் பார்க்குமுன் தம் புகழைத் தாமே சொல்லவேண்டும் என்பது அந்தச் சபையின் மரபு. பூவராகன் இடுக்கியோடு சிம்மாசனத்தருகே போய் நின்றார்.

“மன்னா, நான் பிடுங்கிய பற்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வலித்த பற்களே.”

மன்னரின் வாய் அரக்கு வைத்தாற்போல் மூடிக்கொண்டது. அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் பூவராகன் அங்கேயே நின்றார்.

இரண்டாமவர் அகோரமூர்த்தி. தோள் நிறையச் சால்வை, இரண்டு கைகளிலும் பட்டயங்கள். ‘தந்த வைத்திய திலகம்’, ‘ஈறு காத்த பெருமான்’ என்று பட்டங்களில் தொடங்கி, பாட்டனார் பட்டத்து யானைக்குத் தந்தம் கட்டிய வரலாற்றுக்கு வந்தார். அந்த யானையின் தாய்வழி உறவுகளை அவர் விவரித்துக்கொண்டிருக்கையில் மன்னருக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. பூவராகனின் இடுக்கி உள்ளே போய் வெளியே வந்தது. பல்லும் கூடவே வந்தது. வலித்த பல்லேதான்.

“வாயைத் திறக்கவைத்தது என் பேச்சு! பதவி எனக்கு!” என்றார் அகோரமூர்த்தி.

“பிடுங்கினது நானாச்சே!”

“ஓய், நீர் பேசி மூடவைத்த வாயைத்தானே ஐயா நான் திறக்கவைத்தேன்?”

“அது உண்மைதான்” என்றார் பூவராகன், பழக்கதோஷத்தில். சொன்னதுமே மைத்துனரின் தராசு அவர் கண்முன் ஆடியது.

மன்னர் கேட்டவை இரண்டு காரியங்கள். ஆளுக்கு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். வாசகரே, பதவி யாருக்குச் சேரவேண்டும்? விடைக்குப் போகுமுன் அகோரமூர்த்தியை இன்னொரு முறை ஏற இறங்கப் பார்த்துவிடுங்கள்.

விடை: பூவராகனுக்கே. அகோரமூர்த்தியின் இரண்டு கைகளிலும் பட்டயங்கள் இருந்தன. இடுக்கி எங்குமே இல்லை. மன்னர் பொழுது சாயும்வரை கொட்டாவி விட்டிருந்தாலும் அவரால் உள்ளே நுழைத்திருக்க முடிந்தது ஒரு பட்டயம்தான். இருந்தும் மன்னர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பூவராகனுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதற்கென்றே சம்பளம் போட்டு வைத்துக்கொண்டார். அரச வாயில் இன்னும் முப்பத்தொரு பற்கள் பாக்கி இருக்கின்றனவே!